கை மஞ்சளானது காமாலை அல்ல, ஆனால் அந்த கேப்சூல் வேண்டாம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. சொந்தமாக மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியக்காலையில் பூ எடுக்க இறங்கினால் ஏறி வர ஒன்பது மணி ஆகிவிடும். எனக்கு வயது 41. இரண்டு வருஷமாகக் கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனில் பார்த்துவிட்டு, தினமும் காரட் ஜூஸ் குடிக்கச் சொன்னாள். மூன்று மாதமாக நாலைந்து காரட்டை அடித்துக் குடிக்கிறேன். கூடவே பீட்டா கரோட்டின் கேப்சூலும் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தாள். 25,000 ஐ.யூ. என்று போட்டிருக்கிறது. தோல் செல்களைப் புதுப்பிக்கும், வெயிலைத் தாங்கும், கேன்சரைத் தடுக்கும் என்றெல்லாம் டப்பாவில் இருக்கிறது. இப்போது என் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டன. மாமியார் காமாலை என்று சொல்லி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். மங்கு அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு 52 வயது, பீடி குடிப்பார், கொஞ்ச நாளாக இருமல் இருக்கிறது. நெஞ்சுக்கும் நல்லது என்று அவரும் இரண்டு மாதமாக இதே கேப்சூலைப் போடுகிறார். தொடரலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது உங்கள் கையையும் முகத்தையும் பற்றி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வீட்டுக்காரரும் அந்த கேப்சூலைப் போடுகிறார் என்று, அதுதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. பீடி, சிகரெட் குடிக்கும் யாரும் பீட்டா கரோட்டின் கேப்சூல் போடக் கூடாது. டப்பா தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே விரிவாகவே எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அதற்கு முன் உங்கள் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். காலை வெளிச்சத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே இல்லாமல் வாசலில் நின்று, கண்ணாடியில் பாருங்கள். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து வெள்ளைவிழியைக் கவனியுங்கள். காமாலை என்றால் முதலில் மஞ்சளாவது அந்த இடம்தான். சிறுநீரும் அடர் நிறத்தில் போகும், பசி இருக்காது, குமட்டும். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கின் இரு பக்க மடிப்பு ஆகியவை மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தால் அது கரோட்டின் படிந்த நிறம். என்னிடம் வருபவர்களை ஒரு வெள்ளைத்தாள் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே கூட வந்தவரின் கையையும் வைக்கச் சொல்வேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் தெரிந்துவிடும். நீங்களும் மாமியாரின் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏன் உள்ளங்கையில் மட்டும்? பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் நிறமி. தோலின் மேலே உள்ள கடினமான கொம்புப் படலத்தில் அது தங்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அந்தப் படலம் தடிமனாக இருப்பதால் நிறம் அங்கே சேர்ந்து தெரிகிறது.

அளவையும் பார்ப்போம். 100 கிராம் ஆரஞ்சு நிறக் காரட்டில் சுமார் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். நாலைந்து காரட் என்றால் 300 கிராமாவது வரும், ஆக 24 மில்லிகிராம். கேப்சூலில் உள்ள 25,000 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) என்பது பீட்டா கரோட்டினுக்கு 15 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து தினம் 40 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் போகிறது. இப்படி வாரக்கணக்கில் போனால் கை மஞ்சளாவது எதிர்பார்க்க வேண்டியதே. இதனால் கெடுதல் இல்லை. ஜூஸையும் கேப்சூலையும் நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே வெளுத்துவிடும். உங்கள் மாமியார் மஞ்சளைக் கவனித்துச் சொன்னது நல்லதுதான். ஆனால் ஈரலில் கோளாறு இல்லாதபோது கீழாநெல்லி தேவையில்லை.

சரி, இப்போது டப்பாவில் எழுதியிருப்பதற்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மீதி ஏன் தவறு என்று விளங்கும்.

காரட்டின் அந்த நிறத்தை 1831-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வாக்கன்ரோடர் பிரித்தெடுத்தார். நூறு ஆண்டுகள் கழித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் காரர். கரோட்டின்கள், வைட்டமின்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் சாப்பிடும் பீட்டா கரோட்டினைக் குடலில் உள்ள ஒரு நொதி சரியாக நடுவில் இரண்டாக வெட்டுகிறது. அப்படித்தான் அது வைட்டமின் ஏ ஆகிறது. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அந்த நொதியின் வேலை தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் காரட் தின்று வைட்டமின் ஏ விஷமானதாக நாம் கேள்விப்படுவதில்லை. வெட்டப்படாமல் மிஞ்சியது ரத்தத்தில் சுற்றிக் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்குகிறது. உங்கள் உள்ளங்கையில் இப்போது தெரிவது அந்த மிச்சம்தான்.

வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பு ரெட்டினாயிக் அமிலம் என்ற ஒன்றைச் செய்துகொள்கிறது. செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்று தீர்மானிக்கும் பொருள்களில் இது ஒன்று. தோலின் அடியில் பிறக்கும் செல் முதிர்ந்து, மேலே வந்து, உதிர்வது வரைக்கும் இதன் கட்டுப்பாடு தேவை. ஆக, ‘செல்களைப் புதுப்பிக்கும்’ என்று டப்பாவில் இருப்பதற்கு ஒரு அடிப்படை உண்டு. ஆனால் வைட்டமின் ஏ குறைவில்லாத ஒருவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் அந்த வேலை மேலும் மேலும் நன்றாக நடக்கும் என்று அர்த்தமில்லை.

வெட்டப்படாத முழு மூலக்கூறுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெயில் தோலில் படும்போது, அதன் ஆற்றலை வாங்கி அங்குள்ள ஆக்சிஜன் கிளர்ச்சியடைந்த நிலைக்குப் போகும். அந்த ஆக்சிஜன் செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கும். பீட்டா கரோட்டின் நடுவில் புகுந்து அந்த அதிகப்படி ஆற்றலைத் தான் வாங்கி, வெறும் வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கப் பிடிதுணி உதவுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 1968-இல் ஃபூட், டென்னி என்ற இரண்டு வேதியியலாளர்கள் சோதனைச்சாலையில் காட்டினார்கள்.

1984-இல் கனடாவில் பர்ட்டன், இங்கோல்ட் இருவரும் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில் பீட்டா கரோட்டின் நன்றாகவே பாதுகாக்கிறது. ஆக்சிஜன் அழுத்தம் கூடக் கூட அந்தப் பாதுகாப்பு குறைகிறது, ஒரு கட்டத்தில் அதுவே சேதத்தைத் தொடங்கி வைக்கும் பொருளாக மாறலாம். பிடிதுணியே அடுப்பில் பற்றிக்கொண்ட கதைதான். உடம்பில் ஆக்சிஜன் அதிகம் புழங்கும் இடம் எது? நுரையீரல். அதற்குள் பீடிப் புகையும் சேர்ந்தால்?

இந்தக் கேள்விக்கு மனிதர்களிடமே பதில் கிடைத்திருக்கிறது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று அந்தக் காலத்து ஆய்வுகள் பல சொல்லின. அப்படியானால் பீட்டா கரோட்டினை மட்டும் தனியாக எடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாமா என்று 1981-இல் ரிச்சர்ட் பீட்டோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். மிக நியாயமான கேள்வி அது. பல நாடுகள் அதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தன.

பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரை உள்ள 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள், உங்கள் வீட்டுக்காரரின் வயதுக்காரர்கள். பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்து, 5 முதல் 8 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்ட பாதியில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், சாப்பிடாத பாதியில் 402 பேருக்கு. அதாவது 18 சதவீதம் கூடுதல். மொத்த மரணங்களும் 8 சதவீதம் கூடுதலாக இருந்தன.

ஒரு ஆய்வை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாமா என்று தோன்றும். அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. சிகரெட் பிடிப்பவர்கள், முன்பு பிடித்து நிறுத்தியவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலில் இருந்தவர்கள் என்று 18,314 பேர். பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராம், அதோடு வைட்டமின் ஏ 25,000 ஐ.யூ. இரண்டையும் அவர்களில் ஒரு பிரிவுக்குத் தினமும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம், மரணம் 17 சதவீதம் கூடியது. முடிக்க வேண்டிய தேதிக்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

பின்லாந்து ஆய்வில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதே ஆண்களில், ஆய்வு தொடங்கும் முன்பே உணவு மூலம் பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. தட்டில் காயாக இருந்தபோது நல்லவர்களின் பக்கம் நின்ற பொருள், மாத்திரையானபோது எதிர்ப்பக்கம் போய்விட்டது. ரத்தத்தில் இருக்கும் பீட்டா கரோட்டின், ஒருவர் நிறையக் காய்கறி சாப்பிடுகிறார் என்பதற்கு அடையாளமாக இருந்திருக்கிறது. அந்தக் காய்கறியோடு நாரும் மற்ற நூற்றுக்கணக்கான பொருள்களும் சேர்ந்து போகின்றன. அடையாளத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கொடுத்ததால் காய்கறியின் பலன் வரவில்லை.

நுரையீரல் செல்லுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை 1999-இல் அமெரிக்காவில் ஃபெரெட் என்ற, கீரியை ஒத்த சிறிய பிராணிகளை வைத்துப் பார்த்தார்கள். எலி பீட்டா கரோட்டினை ஏறக்குறைய முழுதாக வெட்டிவிடும். ஃபெரெட் நம்மைப் போலவே ஒரு பகுதியை முழுதாக உறிஞ்சும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாத்திரை அளவுக்குப் பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்து கிடைத்த பிராணிகளின் நுரையீரலில் ரெட்டினாயிக் அமிலம் குறைந்திருந்தது. அதன் கட்டளையை வாங்கும் ஏற்பிகளில் ஒன்றும் குறைந்திருந்தது. செல்லைப் பெருகத் தூண்டும் புரதங்கள் கூடியிருந்தன. மூச்சுக்குழல் செல்கள் புற்றுநோய்க்கு முந்தைய உருவத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. புகையில் பட்டுச் சிதைந்த பீட்டா கரோட்டின் துண்டுகள், செல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ரெட்டினாயிக் அமிலத்தையே குறைத்துவிடுகின்றன என்பது அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இந்த ஆய்வுகள் சிகரெட்டை வைத்து நடந்தவை, பீடிக்கு இது பொருந்துமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். பீடிப் புகையில் தாரும் நிகோட்டினும் சிகரெட்டைவிடக் குறைவில்லை, பெரும்பாலும் கூடவே இருக்கும். அதே நேரம், இரண்டு மாதம் போட்டுவிட்டாரே என்று நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பின்லாந்தில் முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகுதான் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு தெரிய ஆரம்பித்தது. மாத்திரையை விட்ட பிறகு, அந்தக் கூடுதல் ஆபத்து சில ஆண்டுகளில் மறைந்துவிட்டதையும் பார்த்தார்கள். கேப்சூலை விடுவது சுலபம். பீடியை விட உதவி வேண்டும் என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அவரையே பேசச் சொல்லுங்கள், புகையிலையை விட நினைப்பவர்களுக்காகவே மத்திய அரசு நடத்துவது அது. அவருடைய இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

புகைக்காத உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் வீதம் 12 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்கள், நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அப்படியானால் தோலுக்கு ஏதாவது நன்மை உண்டா என்றுதானே அடுத்து கேட்பீர்கள்?

ஒரே ஒரு நோயில் இது உண்மையான மருந்தாக இருந்திருக்கிறது. பிறவியிலேயே ரத்தத்தில் போர்ஃபைரின் என்ற பொருள் சேர்ந்து, கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் எரிந்து வீங்கித் துடிக்கும் ஒரு அரிய நோய் உண்டு. 1970-இல் மிஷலின் மேத்யூஸ்-ராத் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த நோயாளிகளுக்கு மிக அதிக அளவில் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பலன் கண்டார். 1975-இல் அமெரிக்காவில் இதற்கு மருந்தாக அனுமதியும் கிடைத்தது. ‘வெயிலைத் தாங்கும்’ என்ற பேச்சு பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்களுக்கு இருப்பது அந்த நோய் அல்ல.

சாதாரணத் தோலில் பலன் சிறியது. ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சொன்னது இது: பத்து வாரமாவது விடாமல் சாப்பிட்டால் வெயிலில் தோல் சிவப்பது கொஞ்சம் குறைகிறது. சன்ஸ்கிரீன் தரும் பாதுகாப்போடு பார்த்தால் அது மிகக் குறைவு. சோதனைச்சாலைத் தட்டில் வளர்த்த தோல் செல்களிலும் முடிவுகள் இரண்டு விதமாகவே வந்திருக்கின்றன. புறஊதாக் கதிர் பட்டால், தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதமான கொலாஜனை அரிக்கும் நொதிகள் கூடும், அதைப் பீட்டா கரோட்டின் குறைத்தது என்று ஒரு பக்கம். அதே கதிர் பட்ட செல்களில் சேதத்தின் அறிகுறி கூடியது என்று இன்னொரு பக்கம்.

தென்கொரியாவில் 50 வயதைத் தாண்டிய 30 பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2010-இல் வெளியானது. ஆய்வு சிறியதுதான், ஆனால் உங்கள் மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 90 நாள், ஒரு பிரிவுக்குத் தினம் 30 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 90. முப்பது சாப்பிட்டவர்களுக்குச் சுருக்கம் கொஞ்சம் குறைந்தது, தோலில் கொலாஜன் உற்பத்தி கூடியது. தொண்ணூறு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு, முன்பு தாங்கிய அளவு கதிரைக்கூட அவர்களின் தோல் தாங்காமல் சீக்கிரம் சிவந்தது. கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்ற நினைப்புக்கு இங்கே இடமே இல்லை.

‘கேன்சரைத் தடுக்கும்’ என்ற வரி என்னைக் கோபப்படுத்துகிறது. தோல் புற்றுநோய் ஒருமுறை வந்த 1,805 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குத் தினம் 50 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக வருவது குறையவே இல்லை என்று 1990-இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நாம்பூர் என்ற ஊரில் 1,621 பேரை வைத்துச் சன்ஸ்கிரீனையும் பீட்டா கரோட்டினையும் நேருக்கு நேர் சோதித்தார்கள். தினம் சன்ஸ்கிரீன் தடவியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. தோல் முதிர்வதும் மெதுவானது. கேப்சூல் இரண்டிலுமே ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு டப்பாவில் அப்படி அச்சடித்து, பீடி குடிக்கும் மனிதரின் கைக்குப் போகும்படி விற்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வைட்டமின் ஏ சம்பந்தமாக நம் மதுரைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அரவிந்த் கண் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவர் குழுவினரும் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வாரம் ஒருமுறை சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் மேல், 54 சதவீதம், குறைந்தது. 1990-இல் வெளியான அந்த முடிவை உலகம் முழுக்க இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே அரவிந்த் ஆய்வாளர்கள் பங்கெடுத்து நம் பக்கத்துக் கிராமங்களில் நடந்த மற்றொரு ஆய்வில், 798 பெரியவர்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ ஆகியவற்றை ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். கண்புரை வளர்வது அதனால் தள்ளிப்போகவில்லை. 2006-இல் அதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சத்துக் குறைந்த குழந்தைக்கு உயிர் காப்பதும், குறை இல்லாத பெரியவருக்குப் பலன் தராததும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான். உங்களுக்குக் குறை இருப்பதாக உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. மாலைக்கண் இல்லை, கண் வறட்சி இல்லை.

காரட்டை வெறுத்துவிடாதீர்கள். பொரியலாகவோ சாம்பாரிலோ ஒன்று இரண்டு போதும், ஜூஸ் வேண்டாம். பச்சையாக அரைத்துக் குடிப்பதைவிட, வேகவைத்து ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோடு சாப்பிட்டால் கரோட்டின் நன்றாகச் சேரும். உங்கள் தோட்டத்து வரப்பில் முருங்கை நிற்குமே. அந்தக் கீரையில் கரோட்டின் ஏராளம், பச்சை நிறம் அதை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் காயவைத்துப் பொடி செய்தால் கரோட்டின் நிறையவே அழிந்துபோகும், காய வைப்பதானால் நிழலில் காய வையுங்கள். அகத்தி, மஞ்சள் பூசணி, பப்பாளி, சித்திரை வைகாசியில் நத்தத்து மாம்பழம், எல்லாம் சேரும். வீட்டுக்காரரும் இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். தடை கேப்சூலுக்கு மட்டும்தான்.

மகளும் அந்த கேப்சூலைப் போடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிடேட் என்று எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அவளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நேரடி வைட்டமின் ஏ. உடம்பால் அதைப் பீட்டா கரோட்டின் போல மட்டுப்படுத்த முடியாது. அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். அம்மாவின் முகம் நன்றாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அவளைத் திட்டாமல் இதைப் புரியவையுங்கள்.

இனி மங்கு. இது வெயில், ஹார்மோன், பரம்பரை மூன்றும் சேர்ந்து வருவது. கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் கூடும். பீட்டா கரோட்டின் கேப்சூல் இதைக் கரைக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்கச் செய்யும். அதனால் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள, அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றிய சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பொட்டு வைப்பது மாதிரி தொட்டுத் தடவினால் போதாது. இருட்டில் பூ எடுக்க இறங்குவதால் தேவையில்லை என்று நினைக்காதீர்கள், ஏழு மணிக்குப் பிறகு உங்கள் முகத்தில் படுவது முழு வெயில். இறங்கும் முன் ஒருமுறை தடவுங்கள். வியர்த்து வழிந்தால் கரைக்கு வந்து துடைத்துவிட்டு இன்னொருமுறை. தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால் நீட்டிக் கட்டுங்கள், அகல விளிம்புத் தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது.

ரெட்டினாயிக் அமிலம் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதையே ட்ரெட்டினாயின் என்ற பெயரில் இரவுக் கிரீமாக நாங்கள் மங்குக்கு எழுதுகிறோம். தோலின் மேலேயே நேராகப் போடும்போது அது வேலை செய்கிறது. ஆனால் தோல் எரியும், உரியும். கர்ப்பத்தில் கூடாது. அளவும் நாளும் பார்த்துத்தான் தர வேண்டும். மெடிக்கலில் ‘மங்குக்கு ஒரு கிரீம் கொடுங்கள்’ என்று கேட்டால் பல நேரம் கையில் வருவது ஸ்டீராய்டு கலந்தது. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ட்யூபில் இருந்தால் நீங்களாகத் தடவ வேண்டாம். முதல் சில வாரம் வெளுப்பாகத் தெரியும். அப்புறம் தோல் மெலிந்து சிவந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கருத்துத் திரும்பும். எங்கள் ஓ.பி.யில் வாரம் தவறாமல் பார்க்கும் காட்சி இது. பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வந்தால் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு மூன்று மாதமாவது பொறுமை வேண்டும்.

ஒரு பரிசோதனை மட்டும் பாக்கி. சர்க்கரை நோயிலும், தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும், சிறுநீரகக் கோளாறிலும் கரோட்டின் ரத்தத்தில் தேங்கிக் கை மஞ்சளாகலாம். நீங்கள் குடித்த ஜூஸே காரணத்துக்குப் போதும் என்றாலும், 41 வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், தைராய்டுக்கான டி.எஸ்.எச்-உம், சிறுநீரகத்துக்கான யூரியா, கிரியேட்டினினும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. ஜூஸும் கேப்சூலும் நிறுத்தி மூன்று மாதமாகியும் உள்ளங்கை வெளுக்காவிட்டாலோ, இடையில் எப்போதாவது வெள்ளைவிழி மஞ்சளாகத் தெரிந்தாலோ, அந்த ரிப்போர்ட்டுகளோடு நேரில் வாருங்கள்.